வெப் சர்வர் லாகில், அதாவது வந்துபோனவர்களின் பதிவேட்டில், எல்லாருக்கும் ஒரே ஐபி முகவரி பதிவாவது ஏன்?

நடுவில் ஒரு ப்ராக்ஸி, அதாவது கோரிக்கையை வாங்கிக் கைமாற்றிவிடும் தரகர், நிற்பதால்தான். சர்வருக்குத் தன்னிடம் நேராக வந்தவரை மட்டுமே தெரியும். பாவூர்சத்திரத்துக் காய்கறியைச் செங்கோட்டையில் வேறு லாரிக்கு மாற்றி, புளியரை தாண்டிக் கொல்லத்துக்கு அனுப்பினால், அங்கே இறக்குகிறவர் பார்ப்பது கடைசி லாரியின் நம்பரைத்தான். சரக்கு கிளம்பிய ஊர் பில்லில் இருக்கும். அந்த பில் மாதிரிதான், ப்ராக்ஸி கோரிக்கையோடு சேர்த்தனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்கிற தலைப்பு வரி. என்ஜின்எக்ஸ் என்கிற வெப் சர்வர் மென்பொருளில் இதைப் படிக்க ரியல்-ஐபி என்கிற மாட்யூலே பெரும்பாலும் போதும். வரிசையாகப் பல முகவரி இருந்து எதை எடுப்பது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும், அல்லது முகவரியின் கடைசி எண்ணை மறைத்துப் பதிய வேண்டும் என்றால் லுவா என்கிற நிரல்மொழியில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம். அப்புறம், அந்தத் தலைப்பு வரியில் முதலில் இருப்பதுதான் உண்மையான முகவரி என்று பலர் நம்புகிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம், உங்கள் சொந்த ப்ராக்ஸி வலப்பக்கம் சேர்த்ததை மட்டும் நம்புங்கள்.