ஹீரின் கதை ஏன் நகரவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பஞ்சாபிக் கவிஞர் வாரிஸ் ஷாவின் ‘ஹீர்’ நூலை ஆங்கில உரைநடையில் இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் பாதியில் வைத்துவிட்டேன். காதல் கதை என்று நம்பி உட்கார்ந்தால், கல்யாணப் பலகாரப் பட்டியலும் பக்கம் பக்கமாக வாய்ச்சண்டையும்தான் வருகின்றன. கதை நகரவே இல்லை. எங்கிருந்து தொடங்கினால் பிடிபடும்?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

கதை தெரியாதவர்களுக்காக எழுதப்பட்டதல்ல கிஸ்ஸா என்ற பஞ்சாபிக் கதைப்பாடல். வாரிஸ் ஷா ‘ஹீர்’ எழுதி முடித்தது 1766இல். அதற்கு நெடுங்காலம் முன்பே பஞ்சாபின் ஜங் பகுதியைச் சேர்ந்த தாமோதர் அதே கதையைப் பாடிவிட்டார். அவருடைய கதையில் காதலர்களான ஹீரும் ராஞ்சாவும் கடைசியில் பிழைத்து ஒன்றுசேர்கிறார்கள். வாரிஸ் ஷாவிடம் ஹீருக்கு நஞ்சு கொடுக்கப்படுகிறது, கேட்ட ராஞ்சாவும் உயிர்விடுகிறான். கேட்பவர்களுக்கு நிகழ்ச்சிகள் அத்துப்படி. இந்த இடத்தை இந்தக் கவிஞர் எப்படிச் சொல்கிறார் என்பதற்குத்தான் கூட்டம்.

உங்களை வெளியே தள்ளிய சண்டைகள்தாம் நூலின் உயிர். வேறொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட ஹீரைத் தேடி, காது குத்தி யோகியாக அவள் புகுந்த ஊரான ரங்பூருக்கு வந்த ராஞ்சாவை, ஹீரின் நாத்தனார் சேத்தி வாசலில் மறித்துத் திட்டும் பகுதி மிக நீளம். சாதி, வைத்தியம், பெண் புத்தி, போலிச் சாமியார் என்று ஊர் வாயில் புழங்கிய அத்தனையும் அங்கே மோதுகின்றன. அதே சேத்திதான் பிறகு ஹீர் தப்பிக்க வழி செய்கிறாள், முராத் பலோச் என்பவன்மீது அவளுக்கும் காதல் இருப்பதால். சண்டையைப் படிக்காமல் விட்டவருக்கு இந்தத் திருப்பம் வெறும் செய்தியாகத்தான் தெரியும். நிக்காஹ் செய்துவைக்க வந்த காஜியிடம், ராஞ்சாவோடு தனக்கு ஏற்கெனவே நிக்காஹ் ஆகிவிட்டது என்று ஹீர் வாதாடும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

உரைநடையில் செத்துப்போவது யாப்பு. ‘ஹீர்’ பைந்த் என்ற யாப்பில் அமைந்தது. நீண்ட அடி, நடுவில் ஒரு நிறுத்தம். பாடுபவர் மூச்செடுப்பதும் குரலை நீட்டுவதும் அங்கேதான். ஒரு செய்யுளின் எல்லா அடிக்கும் ஒரே இயைபு. முதல் செய்யுளில் மூல் மியாங், ரசூல் மியாங், கபூல் மியாங் என்று அடிகள் முடிகின்றன. பலகாரப் பட்டியலில் அடுத்த பெயர் எதுவென்று காது காத்திருப்பது இந்த இயைபுக்காகத்தான். இயைபு போனால் மிஞ்சுவது மளிகைக் கணக்கு. ஆகவே முதலில் இந்துஸ்தானி பைரவி ராகத்தில் பாடப்பட்ட ‘ஹீர்’ கேளுங்கள், பொருள் புரியாவிட்டாலும்.

பதிப்பிலும் கவனம் தேவை. பிற்காலக் கவிஞர்கள் எழுதிச் சேர்த்த இடைச்செருகல்களால் பல அச்சுப் பதிப்புகள் ஊதிப்போயிருக்கின்றன. சுமார் 600 செய்யுள் கொண்ட பதிப்பை எடுத்து, ஒரு நாளைக்கு ஓர் உரையாடல் என்று படியுங்கள்.

அதற்கும் முன்னால் ஹாஷிம் ஷாவின் ‘சஸ்ஸி’. நாலடிச் செய்யுள்களால் ஆன சிறிய கிஸ்ஸா, ஒரே அமர்வில் முடியும். காதலன் புன்னூனைத் தேடி சஸ்ஸி பாலைவனத்தில் நடக்கும் இடத்தில் நிதானியுங்கள். மருதாணி இட்ட மெல்லிய பாதங்கள். வாற்கோதுமை வறுக்கும் அடுப்பைப் போலக் கொதிக்கிற மணல். அதைப் பார்க்க அஞ்சி மேகத்துக்குள் ஓடி ஒளிகிறது சூரியன். அவள் நடந்துகொண்டே இருக்கிறாள்.