உப்பு ஏறிய தொட்டிக்குப் பெரிய ஃபில்டர் தீர்வாகுமா?

கேள்வி: 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நான்கு மாதமாகக் கடல் நீர் மீன் வளர்க்கிறேன். பாறையும் மணலும் போகச் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், ஒரு துறவி நண்டு இருக்கின்றன. பின்பக்கம் மாட்டிய ஃபில்டர் இப்போது கரகரவென்று சத்தம் போடுகிறது, தண்ணீரும் பாதிதான் விழுகிறது. காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் நின்று வேகமாக மூச்சு வாங்குகின்றன. இரண்டு நத்தைகள் செத்துவிட்டன. மணல் மேல் பழுப்புப் படலம் படிகிறது. வாரத்துக்கு ஒரு செ.மீ. தண்ணீர் குறைகிறது, ஒரு மாதமாக உப்புக் கரைசலையே ஊற்றி நிரப்புகிறேன். உப்பின் அளவைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.023 காட்டுகிறது. அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் ஒன்றும் மாட்டினேன். புதிதாக வாங்கிய ஸ்கிம்மரில் நுரை பொங்கி வழிகிறது. பெரிய ஃபில்டர் வாங்கலாமா, லைட்டை மாற்றலாமா? எதில் முதலில் பணம் போடுவது?

பதில்: வணக்கம். இந்த வாரம் பெரிய கருவி எதையும் வாங்க வேண்டாம். ஃபில்டர், ஸ்கிம்மர், லைட் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது, குறைந்த தண்ணீருக்குப் பதில் உப்புக் கரைசலை ஊற்றுவதாக நீங்கள் எழுதியிருப்பதுதான். நத்தைகள் செத்ததற்கும் மீன்கள் திணறுவதற்கும் அதில் பெரிய பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடும். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 1.8 லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அதை லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கரைசலால் நிரப்பும்போது ஒவ்வொரு வாரமும் 63 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. 50 லிட்டரில் அது லிட்டருக்கு ஒன்றேகால் கிராம். நான்கு வாரத்தில் ஐந்து கிராம் வரை ஏறியிருக்கும். இயற்கைக் கடல் நீர் 35 பி.பி.டி., அதாவது ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு. உங்கள் தொட்டி இப்போது 39, 40-ஐத் தொட்டிருந்தால் வியப்பில்லை. மீன் ஓரளவு தாங்கும். நத்தை போன்ற முதுகெலும்பில்லாதவை தாங்காது, அவைதான் முதலில் போகும்.

அப்படியானால் ஹைட்ரோமீட்டர் ஏன் 1.023 என்று குறைவாகக் காட்டுகிறது என்று கேட்பீர்கள். உங்களுடையது முள் ஆடும் பிளாஸ்டிக் பெட்டி வகை என்றால், அதை வெளிச்சத்தில் பிடித்து முள்ளைக் கூர்ந்து பாருங்கள். முள்ளின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதன் எடை கூடி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குட்டிக் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் முள் மிதந்து, அதிகமாகக் காட்டும். வினிகரில் ஊறவைத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பியதும் லேசாகத் தட்டிக் குமிழை விரட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதை முழுக்க நம்ப வேண்டாம்.

அதனால் உங்கள் முதல் செலவு, ஒளி விலகும் அளவை வைத்து உப்பை அளக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர். பலர் அதை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நாம் அளக்கப்போவது 35-க்குப் பக்கத்தில். சரிபார்ப்பதும் அங்கேதான் இருக்க வேண்டும். 35 பி.பி.டி. சரிபார்ப்புக் கரைசல் தனியாகக் கிடைக்கிறது. துல்லியமான தராசு இருந்தால் 963.5 கிராம் தூய நீரில் 36.5 கிராம் கலப்பில்லாத சோடியம் குளோரைடைக் கரைத்து நீங்களே செய்துகொள்ளலாம். ரிஃப்ராக்டோமீட்டரில் அது 35 காட்ட வேண்டும். தொட்டித் தண்ணீரின் இலக்கும் 35 பி.பி.டி.தான். அடர்த்தி எண்ணில் சொன்னால், 25 டிகிரியில் ஏறக்குறைய 1.026.

உப்பு ஏறியிருப்பது உறுதியானால் அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்காதீர்கள். மிச்சம் இருக்கும் நத்தைகளும் நண்டும் அதிலேயே போய்விடும். நாளுக்கு ஒரு பி.பி.டி. போதும். 39-ல் இருந்தால் ஒன்றேகால் லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு தூய நன்னீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மறுநாள் அளந்து பார்த்து மறுபடி செய்யுங்கள். 35-க்கு வந்தபின் ஆவியாகும் தண்ணீருக்கு எப்போதும் நன்னீர்தான். உப்புக் கரைசல் என்பது, அழுக்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக மாற்றும்போது மட்டும்.

அளவீடு நடக்கும்போதே, கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவையும் பாருங்கள். கடல் நீரின் பி.எச். சுமார் 8.1 என்று காரத்தன்மையோடு இருப்பதால் நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அமோனியாவில் அதிகப் பங்கு நச்சு வடிவில் இருக்கும். செத்த நத்தை ஒன்று பாறை இடுக்கில் கிடந்தாலே 50 லிட்டரைக் கெடுத்துவிடும். அதைத் தேடி எடுத்துவிடுங்கள். அமோனியா தென்பட்டால் உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்த புதுக் கரைசலால் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா அமோனியாவை மாற்றுவதால் வரும் நைட்ரைட் கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம். கடல் நீரிலுள்ள குளோரைடு மீனை அதிலிருந்து பெருமளவு காக்கிறது. ஆனால் மீன் உடலில் பொடி தூவினாற்போல் மங்கலான தங்கநிறப் புள்ளிகளோ வெண்மையான சளியோ தெரிந்தால் அது கருவிக் கோளாறே அல்ல, நோய். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். நத்தை, நண்டு எதுவும் மிஞ்சாது.

இப்போது ஃபில்டருக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கழற்றுங்கள். உள்ளே காந்தத்தோடு சேர்ந்த இம்பெல்லர் என்ற சுழலும் விசிறி இருக்கும். மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அதைச் சுற்றியும், அது உட்காரும் குழிக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்புப் படிவு. இரண்டு மணல்துகள் மாட்டியிருந்தால்கூட இந்தக் கரகர சத்தம் வரும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் குழியைத் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். பெரும்பாலும் சத்தம் நின்று, தண்ணீரும் பழையபடி விழும். காந்தம் உப்பியிருக்கிறதா, வெடிப்பில் துருக்கறை தெரிகிறதா, நடுத்தண்டு தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். துரு தெரிந்தால் இம்பெல்லரை மாற்றியே ஆக வேண்டும். துருப்பிடிக்கும் காந்தம் உப்புத் தண்ணீரில் உலோகத்தைக் கசியவிடும்.

மணல் மறுபடி ஏறாமலிருக்க உறிஞ்சும் குழாயை மணலிலிருந்து சற்று உயர்த்தி, முனையில் பஞ்சு மாட்டுங்கள். அந்தப் பஞ்சை வாரம் ஒருமுறையாவது, தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். எல்லாப் பஞ்சையும் ஒரே நாளில் மாற்றுவதும் கூடாது. மின்சாரம் போய் வந்தபின் இந்த வகை ஃபில்டர் சில சமயம் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே சுற்றும். மட்டம் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். மின்சாரம் வந்ததும் தண்ணீர் விழுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஃபில்டர் சரியானாலும் காலை மூச்சுத்திணறல் தொடரலாம். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல் நீரால் சுமார் 6.7 மில்லிகிராம்தான் முடியும். உப்பு ஏற ஏற அதுவும் குறையும். இரவில் பாசியும் பாக்டீரியாவும் மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். எண்ணெய்ப் படலம்போல் மினுமினுத்தால் காற்று உள்ளே போகும் வழியே அடைபட்டிருக்கிறது என்று பொருள். மை இல்லாத வெள்ளைக் காகிதத்தை மேலே பரப்பி எடுத்தால் படலம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இன்றைக்கே குமிழ் விடும் ஒரு காற்றுக்கல் போட்டுவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஒரு சிறிய வேவ்மேக்கர், அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு. நீங்கள் கேட்ட பெரிய ஃபில்டரைவிட இதுதான் உங்களுக்கு உதவும். கடல் நீர்த் தொட்டியில் சுத்திகரிப்பின் பெரும்பகுதி பாறைத் துளைகளில் வாழும் பாக்டீரியாவால் நடக்கிறது. அவற்றுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் போதும். மணிக்கு 500 முதல் 1000 லிட்டர் வரை தள்ளுவது உங்கள் அளவுக்குச் சரி. மேற்பரப்பு நெளியும்படி சற்று மேல்நோக்கித் திருப்பி, பாறைக்குப் பின்னால் அழுக்குத் தேங்காத கோணத்தில் மாட்டுங்கள். மணலைக் கிளப்பினால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

ஸ்கிம்மர் பொங்குவது கோளாறு அல்ல. புதிதாக மாட்டியது உள்சுவரில் மெல்லிய படலம் படியும் வரை இப்படித்தான் செய்யும். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை கோப்பையை உயர்த்தி, உள்ளே நீர்மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள். குளோரின் நீக்கும் திரவம் ஊற்றினாலும், பாறை ஒட்டும் பசை போட்டாலும் இப்படிப் பொங்கும். சோப்புப் போட்டு மட்டும் கழுவாதீர்கள். பின்னாளில் நுரை குறைந்துபோனால் காற்றுக்குழாயின் வாயில் உப்பு அடைத்திருக்கும். குழாய் முனையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினால் அது உறிஞ்சிக் கரைத்துக்கொள்ளும். உண்மையில் இரண்டு மீன் உள்ள 50 லிட்டர் தொட்டிக்கு, வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றினால் ஸ்கிம்மர் கட்டாயமில்லை. வாங்கிவிட்டீர்கள், ஓடட்டும், காற்றைக் கலக்கிக் கொடுப்பதே உதவிதான்.

பழுப்புப் படலம் பெரும்பாலும் டயட்டம் என்ற பாசி. புதுத் தொட்டியில் வரும், போகும். தண்ணீரில் சிலிக்கேட் இருந்தால் போகாமல் நிற்கும். அதனால் லைட்டைக் குறைசொல்லாமல் தண்ணீரைப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் சிலிக்கேட், பாஸ்பேட், சில இடங்களில் செம்புகூட இருக்கும். வெறும் ஆர்.ஓ. வடிகட்டி போதாது, அதன்பின் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசின் உள்ள குடுவையும் இருக்க வேண்டும். வெளியே வரும் தண்ணீர், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். எண் ஏறத் தொடங்கினால் பிசினை மாற்றும் நேரம். ரிஃப்ராக்டோமீட்டருக்கு அடுத்த செலவு இது. லைட்டுக்கு இப்போதைக்கு ஒரு டைமர் போட்டு எட்டு மணி நேரம் எரியவிட்டால் போதும். பவளம் வைக்கும் எண்ணம் வந்தால் அப்புறம் பேசலாம்.

தண்ணீரும் வேவ்மேக்கரும் ஆனபின், உப்பை நிலையாக வைத்திருக்கத் தானாக நன்னீர் நிரப்பும் கருவி மிக நல்லது. சின்னத் தொட்டிக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. அதன் சென்சார் என்றாவது மாட்டிக்கொள்ளும் என்று எண்ணியே வையுங்கள். நன்னீர் வாளி ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்தும் ஒரேயடியாக உள்ளே போனாலும் 35 என்பது 32-க்குப் பக்கத்தில் நிற்கும், உயிர்கள் தப்பிக்கும். இருபது லிட்டர் வாளி என்றால் 25-க்கு இறங்கி, தரையும் நனையும். நீர் விடும் குழாயின் முனை தொட்டித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. முங்கினால் பம்பு நின்றதும் தொட்டித் தண்ணீர் வாளிக்குத் திரும்பி ஓடும்.

ஹீட்டர் பயன்படுத்தினால் தனி தெர்மோஸ்டாட் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில் மாட்டி 25, 26 டிகிரியில் வையுங்கள். ஹீட்டரின் உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு எரிந்துகொண்டே இருந்தால், இந்த அளவுத் தண்ணீர் சில மணி நேரத்தில் மீனுக்கு ஆகாத சூட்டுக்குப் போய்விடும்.

மின்சாரத்தைக் கடைசியில் சொன்னாலும் இன்றைக்கே செய்ய வேண்டியது இது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிளக் பலகை தொட்டிக்கு நேர் கீழே இருந்தால் நகர்த்துங்கள். வெள்ளை உப்பு ஏறிய பிளக்கைத் துடைத்து உலர்த்துங்கள். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அணையும் பிரேக்கர் இல்லையென்றால் மின் பணியாளரை அழைத்துப் போடுங்கள். தண்ணீரில் கை வைக்கும்போது சுரீரென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எந்தக் கருவி கசிகிறது என்று கண்டுபிடித்த பிறகே ஓடவிடுங்கள்.

ஒரு வாரம் உப்பு, வெப்பம், அமோனியா மூன்றையும் காலையிலும் இரவிலும் அளந்து எழுதி வையுங்கள். கழற்றிய இம்பெல்லரின் படத்தோடு அந்த எண்களையும் அனுப்பினால், காலையில் மூச்சு சீராகவில்லை என்றால் அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். அதுவரை புதிதாக ஓர் உயிரும் உள்ளே விட வேண்டாம்.