அழவைக்கும் நாடகமும் துன்பியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் கோத்தகிரியில் எங்கள் ஊர் இளைஞர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். சிறு தேயிலை விவசாயி ஒருவர், மகளின் திருமணத்திற்குள் இன்னோர் அறை கட்டிவிட எண்ணி, வீட்டின் பின்புற மேட்டைப் பொக்லைன் வைத்து வெட்டுகிறார். ஐப்பசி மழையில் மண் சரிந்து மகள் இறக்கிறாள். தந்தை மழையையும் அனுமதி தந்த அதிகாரியையும் சபிக்கும் கடைசிக் காட்சியில் ஊரே அழுதது. ஆனால் என் நண்பர், வீழ்வதற்கு ஓர் அரசன் இல்லாததால் இது துன்பியல் நாடகமே அல்ல என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் முடிவை ஏறக்குறைய ஏற்கிறேன், காரணத்தை ஏற்கவில்லை. சாமானியனும் துன்பியலுக்கு உரியவனே என்று அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1949-லேயே கட்டுரை எழுதி வாதிட்டிருக்கிறார். ஊர் அழுதது என்பதும் அளவுகோல் ஆகாது. கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் மெச்சிய துன்பியல் நாடகங்களுள் ஒன்றில், தம்பியை இன்னான் என்று அறியாமல் பலியிட இருந்த இபிஜினியா, உரிய நேரத்தில் அவனை அறிந்துகொள்கிறாள். இருவரும் உயிரோடு தப்பிவிடுகிறார்கள்.

கேடு ஒருவனுடைய செயலிலிருந்தே, அவன் தீங்கு நினையாதபோதும், விளைவதையும், அதை அவனே கண்டுகொள்வதையும்தான் நான் துன்பியலின் உயிராகக் கருதுகிறேன். கோவலன் கொலையுண்டது அநீதி. அதற்காக நாம் அழுகிறோம். ஆனால் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்த கணத்தில், பொற்கொல்லனின் வஞ்சத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள எல்லா வழியும் இருந்தும், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் தன்மேலேயே தீர்ப்பை எழுதிக்கொள்ளும்போது, அழுகையோடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது. நாமும் அந்த அரியணையில் இருந்திருந்தால் அதைத்தானே செய்திருப்போம் என்ற அச்சம் அது.

உங்கள் ஊர் நாடகத்தில் இதற்கான பொருள் முழுவதும் இருக்கிறது. மேட்டை வெட்டியவர் தந்தை, வெட்டியது மகளுக்காக. நீலகிரியில் வீடு கட்டிய எவரும் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் கடைசிக் காட்சியில் சாபம் முழுவதும் வெளியே போய்விடுவதால், தந்தை தாம் செய்ததைக் காணாமலே மேடையை விட்டு இறங்கிவிடுகிறார். (அதிகாரி குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை, பொற்கொல்லனும் குற்றமற்றவன் அல்ல.)

அனுமதி வழங்குவதில் நடக்கும் முறைகேட்டை அம்பலப்படுத்துவதே இளைஞர்களின் நோக்கமாக இருந்திருந்தால், அது வேறு வகை நாடகம். அதற்கு இந்த முடிவே பொருத்தமானது.