பொடி வைத்த வெள்ளி: வாங்குவோர் கேள்வி-பதில்

கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வந்தோம். கார் ஓட்டுநர் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். ஆசாரி செய்வதைக் கண்ணால் பார்த்து வாங்கினால் ஏமாற்ற முடியாதுதானே?
*- கோவை வாசகி*

வேலையைப் பார்த்தீர்கள். உலோகத்தை உருக்கும் மூசையில் என்ன விழுந்தது என்று பார்த்தீர்களா? சுத்த வெள்ளி மெத்தென்று வளையும். செம்பு சேர்த்தால்தான் கொலுசு கொலுசாக நிற்கும். 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 வெள்ளி. 800 கூட முறையான தரம்தான். 800-ஐ 925 விலைக்குத் தருவதுதான் திருட்டு. பற்றவைக்கும் பொடியிலும் வேறு உலோகம் உண்டு, ஆகவே ஒட்டு அதிகமுள்ள பொருளை உருக்கினால் தரம் இன்னும் இறங்கும். பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அது பற்றவைக்கத் தீயை ஊதும் இந்த ஊதுகுழல் பக்கத்திலிருந்து வந்த பேச்சு என்பார்கள்.

தங்கத்துக்கு 2021-இல் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கினார்கள். வெள்ளிக்குக் கடைக்காரர் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் வெள்ளியில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கும். ஹால்மார்க் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அதைத் தட்டிப் பாருங்கள். ஓட்டுநர் ஏன் அந்தப் பட்டறைக்கே கூட்டிப் போனார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

மூன்றே மாதத்தில் கொலுசு கறுத்துவிட்டது. போலியா?
*- புதுவயல்*

இல்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள்.

மகள் சீருக்கு வெள்ளிச் சாமான் செய்யக் கொடுக்கிறோம். செய்கூலி தனி, சேதாரம் 12 சதவீதம் தனி என்கிறார்கள். நியாயமா?
*- தேவகோட்டை*

இந்தச் சேதாரத்தைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. உருக்கும்போதும் அராவும்போதும் கொஞ்சம் போகும், ஒப்புக்கொள்கிறேன். போனது எங்கே போனது? பட்டறைத் தரையில்தான் கிடக்கிறது. அந்த மண்ணைக் காசு கொடுத்து வாங்கி, அரித்து, உலோகம் எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வாசல் சாக்கடை மண்ணைக்கூட விடமாட்டார்கள். சேதாரம் என்று நீங்கள் காசு கொடுத்த வெள்ளி இன்னொரு தடவை விலைக்குப் போகிறது!

என் கதையையும் கேளுங்கள். மகள் கல்யாணத்துக்கு ஒரு பன்னீர்ச் சொம்பு வாங்கினேன். 410 கிராம். ரசீதில் 'வெள்ளிச் சாமான் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆறு வருஷம் கழித்து மாற்றப் போனால், அடிப்பாகத்தை வெட்டினார்கள், உள்ளே அரக்கு. வெள்ளி 352 கிராம்தான். அரக்குக்கும் சேதாரம் கட்டிய புண்ணியவான் நான். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நீங்கள் மொத்த எடை, அரக்கும் கல்லும் நீக்கிய நிகர எடை, தரம், அன்றைய விலை, திரும்ப எடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். செய்கூலியில் பேரம் பேசாதீர்கள், அது நாளெல்லாம் புகையை விழுங்குகிறவருக்குப் போகிற காசு. சேதாரத்தில் மனம் நோகப் பேசுங்கள்.

பில் போட்டால் ஜிஎஸ்டி என்றார்கள். வேண்டாம் என்று விட்டேன். இப்போது குத்துவிளக்கு 40 கிராம் குறைகிறது. என்ன செய்யலாம்?
*- திருச்சி*

3 சதவீதம் மிச்சம் பிடித்தீர்களே, அதை எண்ணிப் பாருங்கள்.

ஊர் பார்க்க வந்த இடத்தில், பழம்பொருள் கடையில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் என்று ஆறு காசு வாங்கினேன். எல்லாம் 1947. கடைச் சீட்டு இருக்கிறது. பேத்திகளுக்குக் கொடுக்க வைத்திருக்கிறேன். வயது 71.
*- மதுரை*

அம்மா, மனம் கஷ்டமாக இருக்கிறது. 1947 ரூபாய் நிக்கல். காந்தத்தைக் காட்டுங்கள், ஓடி வந்து ஒட்டும். 1940-க்கு முந்திய ரூபாய்தான் 11.66 கிராமில் 91.67 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்தவை பாதி வெள்ளி. நீங்கள் ஆண்டைப் பார்க்கத் தெரியாமல் வாங்கினீர்கள், விற்றவருக்கு நன்றாகத் தெரியும். கடைச் சீட்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் 'வெள்ளி' என்ற சொல் இருந்தால் போதும். முதலில் கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். சீட்டின் நகலை எனக்கும் அனுப்புங்கள், மனு எழுதித் தருகிறேன்.

பட்டறையில் படம் எடுக்கலாமா?
*- சென்னை*

ஆசாரியைக் கேளுங்கள். அவர் வாயில் ஊதுகுழல் இருக்கும்போது கேட்காதீர்கள்.