முடி கொட்டாத நாயும் மூக்கொழுகுற பிள்ளையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, சின்னவனுக்கு அப்பப்ப வீசிங் வரும், ஆனா நாய் வேணும்னு ஒரே அடம். கொழும்புல ஒருத்தர் லேப்ரடூடில் குட்டி இருக்கு, முடி கொட்டாது, அலர்ஜியே வராதுன்னு சொல்லி தினமும் போட்டோ அனுப்புறாரு. வாங்கலாமாங்க?
ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: டீச்சர், அந்த "அலர்ஜியே வராது"ங்கிற பேச்சை மொதல்ல தூக்கி ஓரமா வைங்க. அலர்ஜிக்கு காரணம் முடி மட்டும் இல்ல, நாயோட எச்சிலும் தோல்ல இருந்து உதிருற பொடுகும்தான், அது முடி கொட்டாத நாய்க்கும் இருக்கு. லேப்ரடூடில்னா லேப்ரடோரும் பூடிலும் கலந்த நாய், அது வந்த கதையைக் கேட்டாலே உங்களுக்குப் புரியும். அவுஸ்திரேலியாவுல வழிகாட்டி நாய் வளக்குற இடத்துல வேலை செஞ்ச வொலி கொன்ரன்ங்கிறவரு, ஹவாய்ல இருந்த கண் தெரியாத ஒரு அம்மாவுக்காக, அவங்க புருஷனுக்கு நாய் அலர்ஜிங்கிறதால, 1989ல லேப்ரடோரையும், முடி அதிகம் கொட்டாத சுருட்டை முடிக்கார பெரிய பூடிலையும் சேத்துப் பாத்தாரு. பொறந்தது மூணு குட்டி, அதுல ஒண்ணுதான் அந்த மனுஷனுக்கு ஒத்துப்போச்சு. ஒரே தாய் வயித்துல பொறந்த மூணுக்கே இப்படின்னா, போட்டோவைப் பாத்து எப்படிங்க சொல்றது? இதையெல்லாம் தொடங்கி வச்சதுக்காக அவரே பின்னாடி வருத்தப்பட்டாரு.

அதனால மகனோட டாக்டர்கிட்ட மொதல்ல கேளுங்க. அவர் சரின்னா, மகனையும் கூட்டிக்கிட்டு ரெண்டு மூணு தடவை நேர்ல போய், அந்தக் குட்டியையே மடியில வச்சு கொஞ்ச நேரம் விளையாட விட்டுப் பாருங்க. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா திரும்பி வந்துருங்க. எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீங்க. தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை செஞ்சிருக்காங்களான்னும் கேளுங்க, ஏன்னா ரெண்டு இனத்துலயும் அந்தக் கோளாறு வருது, கலப்பு நாய்க்கு நோயே வராதுன்னு சொல்றது விக்கிறவங்க பேச்சு.

இன்னொண்ணு, இது வளந்தா இருபத்தஞ்சு முப்பது கிலோ வரும். லயத்து வீட்டுலயோ சின்ன குவாட்டர்ஸ்லயோ இருக்கீங்கன்னா கொக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்த கொக்கபூ மாதிரி சின்னதா பாருங்க. ஆனா ரெண்டுமே ஓடியாடுற சாதிதான், தினமும் நடக்க கூட்டிட்டுப் போகலைன்னா உங்க கரட் பாத்திக்கு நான் பொறுப்பில்ல.

இனி முடி விஷயம், எங்க வீட்டு கொக்கபூ கத்துக்குடுத்த பாடம். முடி கீழ கொட்டாதுன்னா அது எங்க போகுது? உள்ளுக்குள்ளயே சிக்கிக்கிட்டு கம்பளி மாதிரி ஆகிரும். காது பின்னாடி, கக்கம், பட்டி போடுற கழுத்து, இதெல்லாம்தான் மொதல்ல சிக்கு பிடிக்கும். மேலால சீவினா பளபளன்னு இருக்கும், உள்ள கைய விட்டுப் பாத்தா கட்டி கட்டியா கெடக்கும், நான் ஆறு மாசம் இப்படித்தான் ஏமாந்தேன், கடைசியில மிருக வைத்தியர் மொத்தமா மழிச்சு விட்டாரு, பாவம் உரிச்ச கோழி மாதிரி அடுப்படியில நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. தோல் வரைக்கும் பிரஷ் போடணும், அப்புறம் இரும்பு சீப்பு தடையில்லாம போகுதான்னு பாக்கணும். குளிப்பாட்டுறதுக்கு முன்னாடி சிக்கெடுங்க, தண்ணி பட்டா சிக்கு இறுகிரும். குட்டி முடி மாறி பெரிய நாய் முடி வர்ற காலத்துல, ஒரு வயசை ஒட்டி, தினமும் சீவினாலும் போதாது. ஆறு எட்டு வாரத்துக்கு ஒருக்கா வெட்டியே ஆகணும். நம்ம ஊர் மழையும் மிஸ்ட்டும் சேந்தா நனைஞ்ச முடி லேசுல காயாது, டவலால ஒத்தி எடுத்து ஹெயார் ட்ரையர் லேசான சூட்டுல பிடிங்க. தொங்குற காதுக்குள்ளயும் ஈரம் நிக்கும், நாத்தம் வந்தாலோ தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாலோ காட்டுங்க. இதுக்கெல்லாம் நேரம் இருக்கான்னு நீங்கதான் சொல்லணும். இல்லைன்னா முடி குட்டையான நாட்டு நாய்க்குட்டி ஒண்ணை எடுத்து அதே மாதிரி மகனோட பழக விட்டுப் பாருங்க, அதுவும் வாலாட்டும்.

கேள்வி: எங்க பூடில் கலப்பு நாய் தேயிலை மலைக்குள்ள போய் வந்தா காலெல்லாம் அட்டை. உப்பு போடலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: கடிச்ச இடத்துல உப்பு கொட்டினா எரியும்ங்க. அட்டை ஒட்டியிருக்கிற வாய்ப்பக்கத்துல நகத்தை வச்சு மெதுவா தள்ளி விடுங்க. இந்த நாய்ங்களுக்கு விரலிடுக்குல சுருட்டை முடி இருக்கிறதால அட்டையும் உண்ணியும் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும், அந்த முடிய ஒட்ட வெட்டி வைங்க. மூக்குக்குள்ள போச்சுன்னா நோண்டாம மிருக வைத்தியர்கிட்ட போங்க. விசர்நாய் தடுப்பூசி வருஷா வருஷம் போடுறீங்கதானே?

கேள்வி: ஆச்சி நாய்க்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊத்துறாங்க, பரவாயில்லையா?
வாசகி, கொட்டகலை

பதில்: ஆச்சிகிட்ட பக்குவமா சொல்லி நிறுத்துங்க, தேயிலையில இருக்கிற கஃபீன் நாய்க்கு ஆகாது. சொக்லட், வெங்காயம், திராட்சையும் வேணாம். அப்புறம், ராத்திரியில நாயை வெளிய கட்டாதீங்க, தோட்டத்துப் பக்கம் சிறுத்தை வந்து நாயைத் தூக்குறது உங்களுக்குத் தெரியாததா என்ன.