செல் நிஜமாகவே ஒரு தொழிற்சாலை மாதிரிதானா? உள்ளே என்னதான் நடக்கிறது?

கேட்டவர் கூடவே இப்படி எழுதியிருக்கிறார்: "உட்கரு மேனேஜர், மைட்டோகாண்ட்ரியா பவர் ஹவுஸ், ரைபோசோம் மெஷின் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் இந்தப் பாகங்கள் சேர்ந்தால் அதற்கு ஏன் உயிர் இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை."

நான் விஞ்ஞானி இல்லை. டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்துவிட்டு இருபது வருடத்துக்கும் மேலாகச் சென்னை லேப்களில் ரத்தம் எடுத்து, சுற்றி, சோதித்துக்கொண்டிருப்பவன். எனக்கும் அந்த ஃபேக்டரி படம்தான் தலையில் இருந்தது. அது உடைந்தது ஒரு தப்பினால்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கத்திரி வெயில் காலம். மாலை ஏழு மணிக்கு ஒரு பெரியவரிடம் ரத்தம் எடுத்தேன். ரத்தத்தைச் சுற்றிச் செல்களைத் தனியாகப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் பழுது, மெக்கானிக் காலையில்தான் வருவார். ரத்தம் கெட்டுப்போகக் கூடாதே என்று டியூபை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் சுற்றிப் பார்த்தால் பொட்டாசியம் 6.4. இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5-க்குள். 6.4 என்றால் இதயத் துடிப்பே தடம் மாறலாம். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோரையும் கலங்கடித்து, ஆட்டோவில் வரவழைத்து மறுபடி எடுத்தோம். 4.3. ஆள் நன்றாகத்தான் இருந்தார்.

டியூபில் செல்கள் உடைந்திருந்தால், சுற்றியபின் மேலே நிற்கும் நீர், சீரம், சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இது இளமஞ்சளாகத் தெளிவாக இருந்தது. எங்கள் லேப் மேடம் என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, ஃப்ரிட்ஜ்ல வெக்கிறதுக்கு அது என்ன ஆவின் பாக்கெட்டா? உள்ள இருக்கிறதெல்லாம் உசுரோட இருக்குப்பா. குளிர்ல அதுங்க பம்பு நின்னுடும்" என்றார். எனக்கு அந்த நேரத்தில் புரியவில்லை. அந்தப் பம்பு எது என்று தேடப்போய்த்தான், பள்ளியில் படித்த செல் பாடம் எனக்கு முதல்முறையாகப் புரிந்தது.

விஷயம் இதுதான். நம் சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட 20 மடங்குக்கு மேல் அதிகம். சோடியம் நேர் எதிர்: வெளியே ரத்த நீரில் 140 (ரிப்போர்ட்டில் பொட்டாசியத்தை அளக்கும் அதே அளவையில்), உள்ளே அதில் ஒரு சின்னப் பங்குதான். உடலின் எல்லா செல்களிலும் ஏறக்குறைய இதே கதை. கரைந்த உப்பு தானாகப் பரவிச் சமமாகிவிடும் என்பது ஒரு டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டவர் எல்லோருக்கும் தெரியும். செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்விலும் உப்பு ஓயாமல் கசிகிறது. இருந்தும் அந்த வித்தியாசம் 24 மணி நேரமும் நிற்கிறதென்றால், கசிந்ததை யாரோ விடாமல் திருப்பித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் சோடியம்–பொட்டாசியம் பம்ப். சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்குக் கூலி ஒரு ஏ.டி.பி., அதாவது செல்லுக்குள் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு. டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோவ் என்ற விஞ்ஞானி 1957-ல் இதைப் பிடித்தார், நண்டின் கால் நரம்பிலிருந்து. (காசிமேட்டில் கூடை கூடையாக வந்திறங்கும் நண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான்.) 40 வருடம் கழித்து 1997-ல் நோபல் கொடுத்தார்கள்.

ஃப்ரிட்ஜில் என்ன நடந்தது என்று இப்போது புரிந்திருக்கும். குளிரில் பம்பு ஓயும், கசிவு ஓயாது. செல் உடையாமலேயே பொட்டாசியம் வெளியே வந்துவிட்டது.

நம் உடல் சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது. எதையும் உற்பத்தி செய்ய இல்லை. உள்ளே உள்ளேயாகவும் வெளியே வெளியேயாகவும் இருப்பதற்கு மட்டும். ஃபேக்டரி உவமை எனக்கு இடிப்பது இங்கேதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் சனிக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால் திங்கட்கிழமை மெஷின் அப்படியே இருக்கும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வேலை நின்றால் கட்டடமே கரையும்.

"அப்போ ரத்த வங்கியில் மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்கிறார்களே?" நானும் மேடத்திடம் இதைத்தான் கேட்டேன். சர்க்கரையும், ஏ.டி.பி. செய்ய உதவும் அடினினும் சேர்த்த பையில் 2-லிருந்து 6 டிகிரிக்குள், பையின் வகையைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை வைக்கலாம். அங்கேயும் பொட்டாசியம் கசியத்தான் செய்கிறது. ஆனால் உடலுக்குள் ஏற்றியதும் சூடு கிடைத்து, சர்க்கரை கிடைத்து, பம்பு மறுபடி ஓடி, கசிந்ததை இழுத்துக்கொள்ளும். நாள் அதிகமான பையைப் பச்சிளம் குழந்தைக்கு ஏற்ற யோசிப்பதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

இனி அந்தச் சவ்வு. செல் பாடத்தில் ஒரே ஒரு பாகத்தைத்தான் படிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், உட்கருவை அல்ல. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சிவப்பணுவின் அகலம் 8 மைக்ரோமீட்டர். அதாவது செல்லை 16 மீட்டர் அகலமுள்ள கல்யாண மண்டபமாக நினைத்துக்கொண்டால் அதன் சுவர் ஒரே ஒரு சென்டிமீட்டர். அந்தச் சுவரும் கெட்டி கிடையாது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் மாதிரி அதன் கொழுப்பு மூலக்கூறுகள் நழுவிக்கொண்டே இருக்கும். கிழிந்தால் தானே ஒட்டிக்கொள்ளும்.

மாவடு போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஜாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. கல் உப்பும் விளக்கெண்ணெயும் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வடு சுருங்கி, ஜாடி நிறையத் தண்ணீர் நிற்கும். வெளியே உப்பு அதிகமானதும் ஒவ்வொரு செல்லும் தன் தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டது. லேப்பில் இதன் மறுபக்கம்: ரத்தத்தில் டிஸ்டில்டு வாட்டர் விட்டால் தண்ணீர் உள்ளே பாய்ந்து சிவப்பணுக்கள் வெடித்துவிடும். அதனால்தான் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

சவ்வைச் சல்லடை என்று பல புத்தகங்களில் போட்டிருப்பார்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருக்கும் சவ்வுக்குக்கூட அந்த வார்த்தை ஓரளவு பொருந்தும்: பெரிய அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் போகும், உப்பு நிற்கும். செல் சவ்வு செய்வது வேறு வித்தை. தண்ணீரில் உப்பு கரையும்போது பிரிந்து நிற்கும் மின்னூட்டமுள்ள அணுக்களுக்கு அயனி என்று பெயர். பொட்டாசியம் அயனி சோடியம் அயனியைவிடப் பெரியது. ஆனால் சவ்வில் இருக்கும் பொட்டாசியம் வாசல் பெரியதைப் போக விட்டுச் சின்னதை நிறுத்திவிடும்! எந்தச் சல்லடை இப்படிச் செய்யும்? ராடரிக் மெக்கின்னன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1998-ல் அந்த வாசலின் வடிவத்தைப் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் குட்டு உடைந்தது. அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு திரிபவை. வாசலுக்குள் நுழைய அதைக் கழற்ற வேண்டும். கழற்றியதற்கு ஈடாக வாசலின் சுவரிலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கின்றன. சோடியம் சின்னது, அந்தப் பிடிக்கு எட்டாது. அதனால் அது போர்வையைக் கழற்றவே சம்மதிப்பதில்லை.

இந்த உப்பு வித்தியாசம் வீணாகவும் போவதில்லை. மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிய தண்ணீர் மாதிரி, சோடியம் உள்ளே விழத் துடித்துக்கொண்டே இருக்கிறது. குடல் செல்லில் ஒரு வாசல் உண்டு, சோடியமும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். விழுகிற சோடியம் சர்க்கரையை இழுத்துக்கொண்டு போக, பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை எதற்கு, சுவைக்கா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கதவைத் திறக்க. காலராவில்கூட இந்தக் கதவு வேலை செய்கிறது. அதனால்தான் ஒரு பொட்டலம் உயிர் காக்கிறது.

சரி, பம்புக்குக் கூலி எங்கிருந்து? ஏ.டி.பி.யை நான் கேன் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்வேன். காலி கேன் போகும், நிரம்பி வரும், அதே கேன்தான். உடலில் எந்த நொடியிலும் இருப்பு 250 கிராமைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளில் நம் எடைக்கு நிகரான ஏ.டி.பி. செலவாகி நிரம்பிச் செலவாகிறது. நிரப்பும் இடம் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா. ஒரு காலத்தில் அது தனியாக வாழ்ந்த பாக்டீரியா என்பதற்கு அதனுடைய சொந்த டி.என்.ஏ. இன்னும் சாட்சி, நமக்கு அது அம்மா வழியாக மட்டுமே வருகிறது.

சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. ஆக்ஸிஜன் சுமக்கும் வண்டி, சுமப்பதில் தான் ஒரு வாய்கூட எடுத்துக்கொள்வதில்லை. சர்க்கரையை ஆக்ஸிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைக்கிறது. இதை டியூபிலேயே பார்க்கலாம்: சாதா டியூபில் எடுத்த ரத்தத்தைச் சுற்றாமல் வெளியே வைத்தால் மணிக்கு 5-லிருந்து 7 சதவீதம் சர்க்கரை குறையும். செல்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. சுகர் டெஸ்டுக்குச் சாம்பல் மூடி டியூபில் எடுப்பது இதற்காகத்தான். அதிலுள்ள ஃபுளோரைடு அந்தச் சாப்பாட்டை நிறுத்தும்.

மேனேஜர் உட்கரு விஷயத்துக்கு வருகிறேன். செல்லுக்குள் யாரும் யாருக்கும் உத்தரவு போட்டு அனுப்புவதில்லை. வேலை நடப்பதே நெரிசலில்தான். உங்கள் ரத்த ரிப்போர்ட்டில் எம்.சி.ஹெச்.சி. என்று ஒரு வரி இருக்கும், 33 மாதிரி ஒரு எண். சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம் மட்டுமே என்று அதற்கு அர்த்தம். ஒரு செல்லுக்குள் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். பாடப்புத்தகப் படத்தில் பாகங்களுக்கு நடுவே வெளிர் நீலத்தில் காலியாக விட்டிருப்பார்களே, அப்படி ஒரு காலியிடம் எந்தச் செல்லிலும் இல்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருதான். எல்லாம் எல்லாவற்றின் மேலும் இடித்துக்கொண்டிருக்கும். பொருந்துவது ஒட்டும், பொருந்தாதது விலகும். ஒரு சின்ன மூலக்கூறு செல்லின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இப்படி இடிபட்டே ஒரு கண் சிமிட்டலுக்குள் போய்விடும். தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும். செல்கள் சின்னதாகவே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உட்கருவில் இருப்பது சமையல் குறிப்பு. அதன் நகலைப் படித்துப் புரதம் கோப்பது ரைபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதிலிருந்து கொஞ்சம் வேறு. டாக்டர் எழுதித்தரும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் அடைப்பது அந்த வித்தியாசத்தால். (எண்டோபிளாச வலை, கோல்கை எல்லாம் புரதத்தை மடித்து, முத்திரை குத்தி, அனுப்பும் இடங்கள். அங்கே மட்டும் ஃபேக்டரி உவமை மோசமில்லை.)

குறிப்பு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சிவப்பணுவே உதாரணம். எலும்பு மஜ்ஜையில் அது உட்கருவைத் துப்பிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. வந்த புதிதில் ஒன்றிரண்டு நாள் பழைய ரைபோசோம் மிச்சம் உள்ளே இருக்கும். நீலச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நூல் சிக்கு மாதிரி தெரியும். ரெட்டிக் கவுண்ட் என்று நாங்கள் எண்ணுவது அதைத்தான். அப்புறம் அதுவும் போய்விடும். பம்பு தேய்ந்தால் புதுப் பம்பு செய்ய வழியில்லை. இருப்பதை வைத்து ஓடி, சுமார் 120 நாளில் மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிரித்துப் போட்டுவிடும். ஈடுகட்ட மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதியவற்றை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அந்த 120 நாள் கணக்குதான் 'மூணு மாச சுகர்' என்று எல்லோரும் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதெல்லாம் கொஞ்சம் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது செல் சாகும்வரை கிட்டத்தட்ட போகாது. கொஞ்ச நாள் முன்னால், ஏப்ரல் முதல் வாரம், தெரிந்த ஒருத்தர் கையை நீட்டிக்கொண்டே, "ரெண்டு நாளா சாதத்தைத் தொடவே இல்ல தம்பி, நார்மல்னு வந்துடும் பாருங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டேன். டியூபுக்குள் இறங்கிய ரத்தத்தில் பொங்கலன்று அவர் என்ன சாப்பிட்டார் என்று பார்த்திருந்த செல்களும் இருந்தன.