மடியில் வைத்து மீட்டும் டல்சிமர்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சந்தூர் போல குச்சியால் தட்டி வாசிப்பதுதானே டல்சிமர்?

பதில்: பெயர்தான் ஒன்று. நான் வாசிப்பது அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் உருவான, மடியில் கிடத்தி மீட்டும் கருவி. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் ஷைட்ஹோல்ட் என்ற ஒடுக்கமான தந்திப் பெட்டிதான் இதற்கு மூத்தது.

கேள்வி: மூன்றே தந்தியில் என்ன வாசிக்க முடியும், சார்?

பதில்: பாட்டு ஓடுவது ஒரு தந்தியில். மற்ற இரண்டும் தம்புரா போல சுருதி பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய கருவிகளில் ஸ்தாயிக்கு ஏழு மெட்டுகள்தான் (மெட்டு என்றால் தந்திக்குக் கீழே குறுக்காகப் பதித்த கம்பி). ச-ப-ச என்று சுருதி கூட்டி, அழுத்தாத தந்தியிலிருந்து ஏறினால் ஹரிகாம்போதி ராகம். ச-ப-ப என்று கூட்டி, மூன்றாம் மெட்டை ஸட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணம்! மெட்டு மாறவில்லை, சுருதிதான் மாறியது. எனக்கு இன்றும் அதிசயம் இதுதான்.

கேள்வி: அப்படியென்றால் ஆறாம், ஏழாம் மெட்டுகளுக்கு நடுவே கூடுதலாக வைக்கும் ‘ஆறரை மெட்டு’ எதற்கு?

பதில்: ச-ப-ச சுருதியிலேயே சங்கராபரணத்தின் காகலி நிஷாதம் கிடைப்பதற்கு. புதிதாக வாங்கினால் இருக்கட்டும்.

கேள்வி: விரலால் அழுத்துவதா, குச்சியாலா?

பதில்: முதல் சில மாதம் குச்சி. விரல் தடிமனில் மூங்கில் துண்டு போதும். கட்டைவிரல் மேலே இருக்க, உங்கள் பக்கத்துத் தந்தியின் மேல், மெட்டுக்குச் சற்று இடப்புறமாக வைத்துச் சறுக்குங்கள். தந்தியில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் உரசல் கேட்கும். அதைப் பிழையென்று நினைக்காதீர்கள், மலைக்காரர் வாசிப்பின் மணமே அது. மீட்டுவதற்கு வலக்கையில் அவர்கள் பிடித்தது வாத்து இறகின் தண்டு.

கேள்வி: கையால் செய்ததைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: முடிந்தால், ஆம். கென்டக்கியின் நாட் கவுன்டியில் எட்வர்ட் தாமஸ் 1871 முதல் இடை சிறுத்த வடிவத்தில் செய்து, வீடு வீடாக விற்றார். இன்றும் அந்த வட்டாரத்தில் வால்நட், செர்ரி மரத்தில் செய்பவர்கள் உண்டு. வாங்குமுன் ஒவ்வொரு மெட்டிலும் சுருதி சேர்கிறதா, தந்தியை முறுக்கும் பிருடை நழுவுகிறதா என்று பாருங்கள். மினுமினுப்பு பிறகு.

கேள்வி: யாரைக் கேட்டுக் கற்கலாம்?

பதில்: நாட்டுப்புறப் பாடகி ஜீன் ரிச்சி. கென்டக்கியின் வைப்பர் ஊரில் 1922-இல் பிறந்தவர், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தன் டல்சிமரைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நாலைந்து வயதில் யாருக்கும் தெரியாமல் எடுத்து மீட்டிப் பழகியவர், பின்பு நியூயார்க்குக்கே இதைக் கொண்டுபோனார். 2015-இல் மறைந்துவிட்டார்; அவர் பாடிய பதிவுகளில் டல்சிமர் குரலை மூடாது. கீழே சுருதியாக நின்றுவிடும். அதைக் கேளுங்கள்.